நான்கு எண்ணும் உரிமை

கதாகிரி எனக்கு விலாங்கு மீன் சோறு வாங்கித் தந்தபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். அவர் எங்கள் நிர்வாக அலுவலகத்தின் தலைவர். எங்கள் ராக் குழு அவருடைய அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எங்களுக்கு வாங்கித் தந்தது, ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் கடையில் ஆளுக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ். அதிலும் மேலே ஒன்றும் போடாதது. அப்படிப்பட்டவர் அசகுசாவில் பாய் விரித்த தனி அறையில் என்னை உட்காரவைத்து, அரக்குப் பூசிய சோற்றுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, மூடியையும் தன் கையால் திறந்துவிட்டார். யாருக்கோ வேட்டு வைக்கிறார் என்று தெரிந்தது. யாருக்கு என்பதுதான் புரியவில்லை.

"ஒகிட்சு, நாலு பேர்பெற்ற ராக் குழுவுலேர்ந்து தலா ஒருத்தரை எடுத்து ஒரு பெரிய குழு போடப்போறாங்க. நாலு அலுவலகமும் கை கோத்திருக்கு. டிரம்ஸுக்கு உன் பேரு வந்திருக்கு."

"என் பேரா? எப்படி சார்?"

"நாலு அலுவலகமும் ஒத்துக்கிட்ட ஒரே பேரு உன்னோடதுதான். உன் மேல யாருக்கும் பொறாமை இல்லை."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்போ எங்க குழு?" என்றேன்.

"ஓய்வு எடுத்துக்கும்."

எங்கள் தொழிலில் எந்தக் குழுவும் கலைவதில்லை. ஓய்வு எடுக்கும். பாடகர் பேரன் பேத்தி எடுத்திருப்பார், கிதார்காரர் நகானோவில் டோஃபு கடை வைத்திருப்பார், ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார்கள். ஆனாலும் அந்தக் குழு ஓய்வில்தான் இருக்கும். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன்.

"பயப்படாதே. ஒரே ஒரு கச்சேரி. அது முடியற வரைக்கும் நாலு பேரோட சொந்தக் குழுவும் மேடை ஏறக் கூடாதுன்னு ஒப்பந்தம். முடிஞ்சதும் நீ உன் வீட்டுக்கு, அவங்க அவங்க வீட்டுக்கு." பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்லா வாசி. ஆனா ரொம்ப நல்லா வாசிச்சுடாதே."

"ஏன் சார்?"

"அங்க போய் ரொம்ப நல்லா வாசிச்சா, இத்தனை வருஷம் நம்மகிட்ட இருந்தப்ப ஏன் இப்படி வாசிக்கலைன்னு ஜனங்க கேப்பாங்க. அலுவலகத்துக்குத் தலைகுனிவு. அப்புறம், மத்த மூணு பேர் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்."

எங்கள் குழுவின் பெயர் நனைந்த குடை. மிசாவா பாடிக்கொண்டே கிதார் வாசிப்பான், சுகினோ பேஸ் கிதார், நான் டிரம்ஸ். கல்லூரி இசைச் சங்கத்தில் சேர்ந்த மூவரும் இன்னும் பிரியவில்லை. கோயென்ஜியில் ரயில் பாலத்துக்கு அடியில் கோழிக்கறி சுடும் கடையில் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு இது பிடிக்கல," என்றான் மிசாவா. "விலாங்கு வாங்கிக் குடுத்தான்னு சொல்றப்பவே பிடிக்கல. நம்ம மூணு பேரையும் கூப்பிட்டுக் குடுத்திருந்தா நம்பியிருப்பேன்."

"ஒரே ஒரு கச்சேரிடா. வேண்டாம்னா அலுவலகம் நம்ம மூணு பேரையும் ஒதுக்கி வெச்சிடும்."

"இலையுதிர்காலத்துல வடக்கே செந்தாய் பக்கம் ஊர் ஊரா கச்சேரி ஏற்பாடு பண்ணியிருக்கோமே, அது?" என்றாள் சுகினோ.

"அதுக்குள்ள வந்துடுவேன்."

"வந்துடு. இவன்கூட என்னைத் தனியா விட்டா கொலை விழும்."

அப்படித்தான் போனேன். எனக்கு அந்தப் பெரிய குழு வேண்டாம், புகழ் வேண்டாம். அந்தக் கச்சேரி எப்படியாவது நடந்து முடிந்தால் போதும், குளிர் வருவதற்குள் மிசாவாவோடும் சுகினோவோடும் வேனில் ஏறிவிடலாம் என்பதே என் ஒரே எண்ணம்.

நான்கு அலுவலகங்களும் ஒன்றையொன்று நம்பாததால், மேலே ஒரு கூட்டு நடவடிக்கைக் குழு அமைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் முனகாதா. காப்பீட்டுத் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்றவர். முதல் கூட்டத்தில் எழுந்து, எல்லாத் திசைக்கும் ஒருமுறை குனிந்துவிட்டு, இப்படிப் பேசினார்:

"நான் இசை கேட்பதில்லை. கேட்டதும் இல்லை. எனவே இந்தப் பொறுப்புக்கு என்னைவிட நடுநிலையானவர் இந்த ஊரில் கிடைக்க மாட்டார். இந்தக் குழுவின் நோக்கம் ஒன்றுதான். நான்கு அலுவலகங்களில் எதுவும் மற்றதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து ஆள் நிறுத்தினால் நாமும் நிறுத்தலாம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அது வெகுநேரம் நீடித்தது.

எங்கள் உலகில் வயது ஒரு பொருட்டே இல்லை. யாருடைய முதல் இசைத்தட்டு முதலில் வந்ததோ அவர்தான் மூத்தவர். அந்தக் கணக்கில் பாடகர் ஷிரகாமி மூத்தவர். கிதார்காரர் தோகாஷிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, மூட்டு வலியும் உண்டு. ஆனால் அவர் இசைத்தட்டு தாமதமாக வந்ததால், தன்னைவிடச் சின்னவரான ஷிரகாமியை "அண்ணே" என்று கூப்பிட்டு, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, லிஃப்டில் பொத்தான் பக்கம் நிற்பார். அடுத்து பேஸ் கிதார் எனாமி. கூலிங்கிளாஸைக் கழற்றாத மனிதர். அவர் யாரைப் பார்க்கிறார் என்று தெரியாததால் அவரைத்தான் நான் அதிகம் சந்தேகப்பட்டேன். கடைசி ஆள் நான்.

குழுவுக்கு என்ன பெயர் வைத்தாலும் அதில் ஏதோ ஓர் அலுவலகத்தின் சாயல் இருப்பதாக மற்ற மூன்றும் சொன்னதால், பெயருக்கான இடத்தில் தற்காலிகம் என்று போட்டு வைத்தார்கள். அது அப்படியே அச்சாகிவிட்டது. "என்ன ஓர் ஆழம்," என்று ரசிகர்கள் நெகிழ்ந்தார்கள். சட்டைகளில் போட்டுக்கொண்டார்கள். சுவரொட்டியில் யார் மேலே, யார் கீழே என்ற பிரச்சினை வந்ததும், நான்கு முகங்களையும் வட்டமாக அச்சடித்தார்கள், எந்தப் பக்கமும் மேல் பக்கமாகலாம் என்று. நகோயாவில் ஒரு கடைக்காரர் ஷிரகாமி தலைகீழாகத் தொங்கும்படி அதை ஒட்டிவிட்டார். அதற்காக எங்கள் மூவரின் அலுவலகத் தலைவர்களும் கருப்பு கோட்டு போட்டுக்கொண்டு, இனிப்புப் பெட்டிகளோடு போய் ஷிரகாமியின் அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்டுக் குனிந்து நின்றார்கள். கதாகிரிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

முதல் ஒத்திகையில் ஒரு பாட்டும் வாசிக்கவில்லை. வணக்கம் சொன்னோம். இளையவன் மூத்தவர் அறைக்குப் போய் முதலில் சொல்ல வேண்டும். நான் எனாமி அறைக்குப் போனேன். அவர் அப்போது தோகாஷி அறையில் இருந்தார். தோகாஷி அறைக்குப் போனேன். அவர் எனாமியையும் கூட்டிக்கொண்டு ஷிரகாமி அறைக்குப் போயிருந்தார். ஷிரகாமியோ, மூவரும் இன்னும் வரவில்லையே, என்ன சதி நடக்கிறது என்று பார்க்க வெளியே வந்து என் அறைக்குள் போய்விட்டார். மூத்தவர் இளையவன் அறையில் காத்திருக்கும்படி ஆகிவிட்டது. அதற்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கூட்டம் நடத்தினார்கள்.

அடுத்த ஒத்திகையில்தான் பெரிய சிக்கல். எல்லோரும் இடத்தில் நின்றார்கள். வழக்கம்போல நான் குச்சிகளை உயர்த்தித் தட்டி, "ஒண்ணு, ரெண்டு," என்று ஆரம்பித்தேன். முனகாதா இருமினார்.

"ஒகிட்சு அவர்களே, என்ன செய்யறீங்க?"

"எண்ணறேன், தலைவரே. நாலு எண்ணினதும் எல்லாரும் ஒண்ணா ஆரம்பிப்பாங்க."

"எல்லாரும்னா? ஷிரகாமி அவர்களுமா?"

"ஆமா."

"நீங்க சொன்னா அவர் ஆரம்பிக்கணும்?"

முனகாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இசை எனக்குத் தெரியாது. ஆனால் கட்டளை எது என்று தெரியும். நான்கு எண்ணுவது கட்டளை. இளையவர் மூத்தவருக்குக் கட்டளை இடலாம் என்றால் நாளைக்கு இந்த நாட்டில் யார் யாருக்கு வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். அப்புறம் என் போன்றவர்கள் எதற்கு?"

எதற்கு என்று எனக்கும் தோன்றியது.

மூத்தவரே எண்ணட்டும் என்றார்கள். ஷிரகாமி, "பாட வந்தவன் கணக்கு வாத்தியாரா?" என்று கோபித்துக்கொண்டார். நான் எழுந்து ஒவ்வொருவரிடமும் குனிந்து அனுமதி பெற்றுப் பிறகு எண்ணலாம் என்றார்கள். செய்து பார்த்தோம். நான் குனிந்தால் எனாமி குனிந்தார், எனாமி குனிந்ததைப் பார்த்துத் தோகாஷி குனிந்தார், கிதார் மைக்கில் இடித்தது. கடைசியில், யாருக்கும் மனக்கசப்பு வராதபடி, கூட்டுக் குழுவின் சார்பில் முனகாதாவே நான்கு எண்ணி, அதை ஒலிப்பதிவு செய்து ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

முனகாதா ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய மரியாதை கொடுத்து எண்ணினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தேநீர் குடித்துவிடலாம். எல்லாப் பாட்டும் சவ ஊர்வலம்போல நகர்ந்தது. யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லாததற்கு வேறு காரணமும் இருந்தது என்று போகப்போகத்தான் தெரிந்துகொண்டேன்.

டிரம்ஸ் அடிப்பவன் எல்லோருக்கும் பின்னால் உட்காருகிறவன். அவனுக்குத் தெரிவதெல்லாம் முதுகுதான். முதுகு பொய் சொல்லாது. ஷிரகாமி உச்சஸ்தாயிக்குப் போகும் இடத்தில் தோள்பட்டையை இறுக்கிப் பாதியில் நின்றுவிட்டார். தோகாஷி விரலை ஓடவிட வேண்டிய இடத்தில் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டார். எனாமியின் முதுகு, ஒன்றுக்குப் போவதை அடக்கிக்கொண்டிருக்கும் ஆளின் முதுகு. அட, இவர்களுக்கும் யாரோ விலாங்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானின் நான்கு கெட்டிக்காரர்கள் ஓர் அறையில் அடைந்து, ரொம்ப நல்லா வாசித்துவிடாமல் இருக்க உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மதியம், முனகாதாவும் அலுவலக ஆட்களும் எந்தக் கடைக்குச் சாப்பிடப் போவது என்று ஆலோசனை நடத்திவிட்டு வெளியே போனார்கள். நாங்கள் நால்வரும் பெட்டிச் சோற்றைப் பிரித்தோம். எனாமி கையைத் துடைத்துவிட்டு, சும்மா, கம்பியில் எதையோ தட்டினார். குறும்பான ஒரு சின்ன மெட்டு. திரும்பத் திரும்பத் தட்டினார். என் கை சாப்பிடும் குச்சிகளைப் போட்டுவிட்டு டிரம்ஸ் குச்சிகளை எடுத்தது. யோசிக்காமல் நான்கு எண்ணிவிட்டேன்.

தோகாஷி உள்ளே பாய்ந்தார். ஷிரகாமி வாயில் இருந்த ஊறுகாய் முள்ளங்கியை விழுங்கிவிட்டு, வார்த்தை இல்லாமல் சும்மா கத்தினார். அந்தக் கத்தலில் எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் குழுவில் வாசிக்கும்போது நான் முன்பக்கமாகப் பார்த்த முதல் மனிதர் அவர்தான். பெட்டிச் சோறு ஆறிப்போனது. என் வாழ்நாளில் நான் அப்படி வாசித்ததில்லை.

முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இது வெளியே போக வேண்டாம்," என்றார் தோகாஷி.

"என்ன வெளியே போக வேண்டாம்? ஒண்ணும் நடக்கலையே," என்றார் எனாமி.

"சரியாச் சொன்னே," என்றார் ஷிரகாமி. "நாம சாப்பிட்டோம்."

மறுநாள் அவசரக் கூட்டம். அனுமதி பெறாத இசை நிகழ்ந்திருப்பதாகக் கூட்டுக் குழுவின் கவனத்துக்கு வந்திருக்கிறது என்றார் முனகாதா. நான் மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எவன் போட்டுக்கொடுத்தது? கதாகிரி என்னைத் தனியே நடைபாதைக்கு இழுத்துப்போனார்.

"ஷிரகாமி நேத்து சாயங்காலமே தன் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிட்டார். தோகாஷியும் சொல்லிட்டார். எனாமியும் சொல்லிட்டார். நீ மட்டும் ஏன் சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு சார்? வாசிச்சோம். நல்லா இருந்துச்சு."

"மூணு பேர் ஒழுங்கா ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தன் மட்டும் மறைச்சிருக்கான். பாக்கிறவன் என்ன நினைப்பான்? நீதான் தூண்டிவிட்டேன்னு நினைப்பான். நாலு எண்ணினதும் நீதானாமே."

விசாரணை முடிவில், குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவருக்கும் பாராட்டு தெரிவித்தார்கள். மறைத்த குற்றத்துக்காக நான் இனிமேல் ஒத்திகை நேரம் தவிர மற்ற நேரங்களில் குச்சிகளைக் கூட்டுக் குழுவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். "நம்பிக்கைதான் இந்தக் குழுவின் அஸ்திவாரம்," என்று முனகாதா முடித்துவைத்தார். "எனவே இன்று முதல் மதிய உணவின்போதும் ஒருவர் உங்களோடு இருப்பார்."

இதற்கிடையில் முனகாதாவுக்கு ஆசை பிறந்துவிட்டது. ஒலிப்பதிவில் தன் குரலைக் கேட்டுக்கேட்டு அதில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். தொண்டைக்குத் தேன் சாப்பிட ஆரம்பித்தார். ஒலிப்பதிவில் உயிர் இல்லை, கச்சேரியன்று தானே நேரில் வந்து எண்ணுவதுதான் ரசிகர்களுக்குச் செய்யும் மரியாதை என்றார். புதிய சுவரொட்டியில் வட்டத்தின் நடுவே ஐந்தாவதாக அவர் முகம் வந்தது. நடுவில் இருந்ததால் அது மட்டும் எப்படித் திருப்பினாலும் ஓரத்துக்குப் போகவில்லை.

யோகோஹாமாவில் கச்சேரி. அரங்கம் நிரம்பி வழிந்தது. இலையுதிர்காலம் பாதி போயிருந்தது. செந்தாய் பக்கத்து ஊர்களிடம் மிசாவா இரண்டு தடவை தேதி தள்ளிக் கேட்டிருந்தான். இனி தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்று முடிந்தால் அடுத்த வாரம் வேன் ஏறலாம். முடியாவிட்டால் நனைந்த குடைக்கு நீண்ட ஓய்வுதான். அவனும் சுகினோவும் பக்கவாட்டு இருக்கைகளில் உட்கார்ந்திருப்பது என் இடத்திலிருந்து தெரிந்தது. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தார்கள், பைத்தியங்கள்.

விளக்குகள் எரிந்தன. கரும்பட்டுக் கோட்டில் முனகாதா மைக் முன்னால் வந்து நின்று, நாலாப் பக்கமும் குனிந்தார்.

"ஒன்று," என்றார். "இரண்டு," என்றார். "மூன்று," என்றார்.

அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தார். நான்கு அலுவலகத் தலைவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் சம்மதம் இல்லை. மறுப்பும் இல்லை. அப்படிப்பட்ட முகங்களுக்கு முன்னால் முனகாதா தன் ஆயுளில் ஒரு காரியமும் செய்ததில்லை. வாய் திறந்தபடி நின்றார். நான்கு வரவில்லை.

ரசிகர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். இதுவும் ஆழமான ஏதோ ஒன்று என்று நினைத்துச் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இந்தக் கூத்து இங்கேயே கவிழ்ந்துவிடும். நாளைக்கு நான்கு அலுவலகங்களும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுப் பிரிந்துவிடும். நான் வீட்டுக்குப் போகலாம். சும்மா இருடா ஒகிட்சு, கையைத் தொடையில் வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மூன்று வரை எண்ணிவிட்டு அந்தரத்தில் விட்டால் ஒரு டிரம்ஸ்காரன் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்? எனக்கு முன்னால் மூன்று முதுகுகளும் விடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கும் தாங்கவில்லை.

"நாலு," என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெட்டிச் சோற்று மதியத்தில் வாசித்ததை வாசித்தோம். அதைவிட நன்றாகவே வாசித்தோம். ஷிரகாமி தோள்பட்டையை இறுக்கவில்லை. தோகாஷி முழங்கையை வானத்துக்குத் தூக்கினார். எனாமி கூலிங்கிளாஸைக் கழற்றிக் கூட்டத்தில் எறிந்தார். அவருக்கு இவ்வளவு சாதுவான கண்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நானே எண்ணினேன், ஒருவரும் தடுக்கவில்லை. முனகாதாவை மேடையிலிருந்து கைத்தாங்கலாக அழைத்துப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒருமுறைகூட பக்கவாட்டு இருக்கைகளைப் பார்க்கவில்லை என்பது முடிந்த பிறகுதான் உறைத்தது.

ஒப்பனை அறையில் கதாகிரி காத்திருந்தார்.

"ரொம்ப நல்லா வாசிக்காதேன்னு சொன்னேன்ல."

"மன்னிச்சிருங்க சார். அதான் முடிஞ்சுபோச்சே, நான் அடுத்த வாரம் செந்தாய் கிளம்பறேன்."

"என்ன முடிஞ்சுது? இப்படி ஒரு வெற்றியை எந்த அலுவலகம் முதல்ல கைவிடும்? நாலு பேரும் மத்த மூணு பேர் விடட்டும்னு உக்காந்திருக்கோம். தற்காலிகம் இனிமே நிரந்தரம்."

"அப்போ எங்க குழு?"

"உன் நண்பர்களுக்கு நான் துரோகம் பண்ணல. ஓய்வுலேர்ந்து விடுவிச்சாச்சு. வேற டிரம்ஸ் ஆள் போட்டுக்கலாம், செந்தாய்க்கும் போகலாம். நீ மூணாவது பாட்டு வாசிச்சிட்டிருந்தப்ப போய்ச் சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டாங்க."

"உடனேயா?"

"மேடையைப் பாத்துக்கிட்டே தலையாட்டினாங்க."

வெளியே நடைபாதையில் வணக்கம் சொல்ல வரிசை நின்றது. பத்திரிகைக்காரர்கள், ஒலிப்பெருக்கிக் கம்பெனிக்காரர்கள், இளைய குழுக்கள். எல்லோருக்கும் பின்னால், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மிசாவாவும் சுகினோவும் இனிப்புப் பெட்டியோடு நின்றார்கள். முறை வரும்வரை காத்திருந்தார்கள். நான் கையசைத்தேன், பார்க்காததுபோல் இருந்தார்கள். முறை வந்ததும் மிசாவா பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி இடுப்புவரை குனிந்தான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க, ஒகிட்சு சார். இப்படி ஒரு வாசிப்பை நாங்க இதுவரைக்கும் கேட்டதில்லைங்க."

கேலி செய்கிறானா, நிஜமாகத்தான் சொல்கிறானா என்று அவன் முகத்தைத் துருவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவன் முகத்தைப் படிக்க முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.

"டேய், என்னடா இது, ங்க போட்டுக்கிட்டு," என்றேன்.

அவன் நிமிரவில்லை. சுகினோதான் என்னை நேராகப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் கச்சிதமாக இருந்தது.

"இனிமே உங்களைத் தெருவுல பாத்தா எப்படிக் கூப்பிடணும்னு எங்களுக்குத் தெரியலைங்க. நீங்களே அலுவலகத்துல கேட்டுச் சொல்லிடுங்க."

கேட்டேன். கூட்டு நடவடிக்கைக் குழு அதை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.